மாலுமி எடுத்த அளவு

"தலைப் பக்கம் மெல்ல... இடிக்குது, இடிக்குது!"

நாலு பேர் தூக்கியும் நிலைவாசலைத் தாண்டவில்லை. வெளியே வண்டி காத்திருந்தது, தெருவில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். வீட்டுக்காரம்மாள் சுவரில் சாய்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

செத்தது யாருமில்லை. வெளியே போகவேண்டியது ஒரு கப்பல்தான். அந்தக் காலத்துப் போர்க்கப்பலைப் பார்த்து அச்சு அசலாக மரத்தில் செய்தது. செய்தவரைத் தெருவே மாலுமி என்றுதான் கூப்பிடும். பூங்காக் குளத்தில் படகேறினாலே வாந்தி எடுக்கிற மாலுமி!

முன்னறையை அடைத்துக்கொண்டு இதைக் கட்டிய வருஷங்களில், உள்ளறையில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெற்ற தாய்க்கு அவர் ஒரு வாய் தண்ணீர் கொடுத்ததில்லை. கேட்டால், "கையெல்லாம் பசை" என்பார். நூலேணிக்கு முடிச்சுப் போடும்போது மட்டும் அந்தப் பசை எங்கே போகுமோ தெரியாது.

வீட்டில் எது இற்று விழுந்தாலும் அவர் கண்ணுக்குத் தெரியாது. போன மாதம் கரையான் அரித்த வாசல் நிலையை மாற்றத் தச்சரை அழைத்து வந்ததும் மனைவிதான். மாலுமி செய்ததெல்லாம் தூசி படாமல் கப்பலுக்குப் போர்வை போர்த்தியதும், "கதவு செய்யறவனுக்குக் கப்பலோட அருமை தெரியுமா?" என்று தச்சரைக் கேவலமாகப் பேசியதும்தான். அந்தத் தச்சரும் இன்று ஒரு பக்கம் தோள் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் முன்பே ஒரு அருங்காட்சியகம் கப்பலைக் கேட்டிருந்தது. வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்ல மாலுமியும் கூடவே போகவேண்டும், தங்க அறை தருவார்கள். அவர் அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிட்டார்.

"நீங்க போயிட்டா அத்தையை நான் ஒருத்தியா எப்படிங்க தூக்கிப் படுக்க வைப்பேன்?" என்று மனைவி நேற்றுக்கூடக் கேட்டாள்.

"இத்தனை நாளா தூக்கலையா? உனக்கு வேற என்ன வெட்டி முறிக்கிற வேலை? இனிமே கப்பல் எங்கேயோ நானும் அங்கேதான்."

ஆனால் கப்பல்தான் நகர மாட்டேன் என்றது. பாய்மரங்களின் குறுக்குக் கட்டைகள் இரண்டு பக்கமும் நிலையில் முட்டின. கட்டைகளைத் திருப்பலாம் என்றால், எல்லாவற்றையும் பசை வைத்து, கயிறு கட்டி இறுக்கியாயிற்று. ஜன்னலுக்குக் கம்பி, கொல்லைக் கதவோ இதைவிடக் குறுகல்.

அருங்காட்சியகத்திலிருந்து வந்த அதிகாரி பொறுமை இழந்தார். "ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வாசலை அளந்து பார்க்க மாட்டீங்களா சார்?"

"அளந்தேன் சார்! முதல் கட்டையை வெக்கறதுக்கு முன்னாடியே அளந்தேன். நாலு விரல் மிச்சம் இருந்துச்சு!"

"கப்பலைக் குறுக்கின மாதிரி விரலையும் குறுக்கி அளந்துட்டாரு போல" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். தெருவே சிரித்தது. போர்க்கப்பலையே அளவு பிசகாமல் குறுக்கிச் செய்த மனிதர், சொந்த வாசலின் அளவு தெரியாமல் பேந்தப் பேந்த விழித்தார்.

பிறகு தச்சரிடமே கெஞ்சினார். "நிலையைப் பேர்த்துடேன்ப்பா."

"பேர்க்கலாம் சார். மேல இருக்கிற சுவர் பழசு. நேரா உங்க கப்பல் மேலதான் இறங்கும்."

"குறுக்குக் கட்டைய அறுத்துட்டு அங்க போய் ஒட்டிக்கலாமே?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"ஒட்டுப் போட்டதை நாங்க வாங்கறதில்ல" என்றார் அதிகாரி. மாலுமி பெட்டியும் கையுமாக வண்டிப் பக்கம் நகர்ந்ததைப் பார்த்துவிட்டு, "கப்பல் இல்லாம நீங்க மட்டும் வந்து என்ன சார் பண்ணப் போறீங்க?" என்று வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வண்டி காலியாகப் போனது. வேடிக்கை தீர்ந்த தெருவும் கலைந்தது. கப்பல் பழைய மேசைக்கே திரும்பியது.

"பெட்டியை அப்புறம் பிரிக்கலாம்" என்றாள் மனைவி. "அத்தையைப் புரட்டிப் படுக்க வைக்கணும். உள்ள போய் அந்தப் பக்கம் பிடிங்க, இதோ வரேன்."

மாலுமி பெட்டியைக் கீழே வைத்தார். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளறைக்குப் போனார்.

அவள் ஒரு சொம்புத் தண்ணீரோடு வாசலுக்கு வந்து, தச்சரிடம் நீட்டினாள். உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நிலையை ஆறு விரல் குறைச்சு வெச்சது சரியாப் போச்சுண்ணே."