ஏழு மாத லீக்

“தம்பி, மண்டபத்துக்குள்ளை பந்தடிக்கிற லீக் ஒண்டு லண்டனிலை நடந்ததே, தெரியுமோ?”

பெண்ணின் தகப்பன் கிறிஸ்துநாயகம் கோட்டைக்கூடக் கழற்றாமல் இப்படிக் கேட்டதும் றெஜினோல்டுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாப்பிள்ளை பார்க்க வந்த மனிதர் ஊரைக் கேட்கவில்லை, உத்தியோகத்தைக் கேட்கவில்லை. எடுத்த எடுப்பில் பந்து.

“கேள்விப்படேல்லை அங்கிள்,” என்றான்.

சுத்தப் பொய். 1987இல் அந்த லீக்கில் ஏழு மாதமும் கோல் காத்தவன் அவன்தான். அதற்காகத் தபால் நிலைய வேலையையே உதறினான். அணிக்கு ஆறு பேர், புல்லுக்குப் பதில் பச்சைக் கம்பளம், பந்து சுவரில் பட்டாலும் ஆட்டம் நிற்காது. பார்க்க ஆள் வராமல் ஒரே சீசனோடு இழுத்து மூடிவிட்டார்கள். அதன்பிறகு ஒரு வருடம் கோலியர்ஸ் வுட்டில் இதே அக்கா வீட்டுச் சோறு. கவுன்சில் வேலை கிடைத்தது போன மாதம்தான். இதையெல்லாம் சொன்னால் எவன் பெண் கொடுப்பான்?

ஏற்கனவே இரண்டு சம்பந்தம் இந்தப் பந்தால் தட்டிப்போயிருந்தது. வாய் தவறியும் அந்தக் கதையை எடுக்காதே என்று அக்கா மெற்றில்டா காலையிலிருந்து ஓதிக்கொண்டிருந்தாள். அவள் ஓதாவிட்டாலும் எடுத்திருக்க மாட்டான். பெண்ணின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குச் சரியான நித்திரை இல்லை. இது கைகூடாவிட்டால் கலியாணமே வேண்டாம் என்றிருந்தான்.

கிறிஸ்துநாயகம் விடுவதாக இல்லை. விளையாடியவர்களில் ஒரு தமிழ்ப் பொடியனும் இருந்தானாமே என்றார். பந்தென்றாலே தனக்குப் பயம் என்றான் றெஜினோல்ட். அவர் அவனுடைய கோணல் விரல்களைப் பார்த்தார். கார்க் கதவில் நெரிந்தது என்றான்.

ஒவ்வொரு பதிலுக்கும் அவர் முகம் தொங்கிக்கொண்டே போனது. றெஜினோல்டுக்குக் கணக்குப் புரியவில்லை. பந்து பக்கமே போகாத பிள்ளை என்று சொன்னால் மனிதர் மகிழத்தானே வேண்டும்? நம்பவில்லையோ என்னவோ.

“திரும்பத் திரும்பக் கேக்கிறன் எண்டு குறை நினையாதையும். நீர் அதிலை விளையாடேல்லைத்தானே?”

“மடு மாதாவாணை இல்லை அங்கிள்.”

அவர் பெருமூச்சு விட்டு எழுந்தார். மாதாவின் பேரில் சத்தியம் பண்ணியபிறகு சந்தேகப்படுவது பாவம் என்றார். தேநீர் தட்டோடு வந்த மெற்றில்டா பதறிப்போய், தம்பியில் என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டாள்.

“ஒரு குறையுமில்லை பிள்ளை. என்ரை மகள் அந்த ஹோலிலை டிக்கட் வித்தவள். சம்பளம் நிண்ட பிறகும் கடைசி மட்ச் வரைக்கும் வந்து நிண்ட கோல் கீப்பர் ஒருத்தராம். கட்டினால் அவரைத்தான் கட்டுவாளாம். பொம்பிளைப் பகுதி அதை முதலே சொல்லிக் கேக்கேலுமோ? உங்கடை தம்பியின்ரை போட்டோவைப் பாத்து இவர்தான் எண்டு ஒற்றைக்காலிலை நிண்டவள். பாவம், பெட்டைக்கு ஆள் மாறிப்போச்சுது.”