மூன்று மணிக்கு ஒன்பதாம் இரவு

“அழுகை பத்தல, மிஸ் இசில்டா. போன வாரம் சும்மா கண்ணைத் துடைச்சீங்க. டிக்கெட் வாங்கினவங்க கண்ணீரைப் பார்க்க வேணாமா?” என்றார் தெல்வெல்.

அவர் சட்டையில் ‘பண்பாட்டு இயக்குநர்’ என்ற பித்தளைப் பட்டை மின்னியது. ஃபால்மத் துறைமுகத்துக்கு எதிரே அவர் நடத்தும் ‘ஜமைக்கா பாரம்பரிய முற்ற’த்தில் புதன்கிழமைதோறும் மாமா எசக்கியேல் சாவார்.

அப்படி ஒருவர் பிறந்ததே இல்லை. இருந்தாலும், செத்தவர் ஆவியை ஊர் கூடிப் பாடி வழியனுப்பும் ஒன்பதாம் இரவு, நாலு வருஷமாக அவருக்கு வாரம் தவறாமல் நடக்கிறது. கப்பல் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும் என்பதால், கறுப்புத் துணி கட்டிய கொட்டகைக்குள் அந்த இரவு பிற்பகல் மூன்று மணிக்கே வந்துவிடும்.

“சார், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் எனக்கு லீவு...” என்று எசக்கியேலின் விதவையாக நடிக்கும் இசில்டா ஆரம்பித்தாள்.

“மூவாயிரம் பேரோட கப்பல் வந்து நிக்குது, லீவா? போறதுன்னா ஒரேயடியாப் போயிடுங்க. வேற விதவையைப் பார்த்துக்கறேன்.”

“காரணத்தைக் கேளுங்க சார்.”

“காரணமே வேண்டாம்! அந்தக் கொட்டுக்காரன் லாசல்ஸ், போன வாரம் திங்கக்கிழமையிலேர்ந்து ஆளையே காணோம். எந்த ரம் கடையில விழுந்து கிடக்கானோ. வேலைநீக்கக் கடிதம் டைப் அடிச்சு பையிலேயே வச்சிருக்கேன். கண்ணுல படட்டும், மூஞ்சிக்கு நேராக் குடுக்கறேன்.”

இந்த வேலையும் போனால் இனி இசில்டா வீட்டில் அடுப்பெரிய வழியில்லை.

“அப்ப எங்க தெருக்காரங்களை இங்கேயே கூட்டிட்டு வரட்டுமா சார்? கூடச் சேர்ந்து பாடுவாங்க.”

“பாடட்டும். சம்பளம்னு யாரும் கையை நீட்டக் கூடாது.”

மூன்று மணிக்கு முப்பது பேர் வெள்ளையும் கறுப்புமாக உடுத்தி வந்தார்கள். ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்தார்கள். செத்தவருக்குப் படைக்கும் தட்டில் வழக்கமான பிளாஸ்டிக் மீன் இல்லை; சுடச்சுட வறுத்த மீனும் சோறும் இருந்தன.

தெல்வெல் மூக்கைச் சுளித்தார். பிறகு மேஜைமேல் அந்தத் தட்டுக்குப் பின்னால் இருந்த படத்தைப் பார்த்துப் பதறினார். கோட்டில் பூக்குத்திய ஓர் இளைஞன் அதில் சிரித்துக்கொண்டிருந்தான்.

“யாரு இவன்? தாடி வச்ச கிழவன் படம் எங்கே? எசக்கியேல் பட்டிக்காட்டு ஆளுங்க. இவன் பாங்க் குமாஸ்தா மாதிரி இருக்கான்!”

“இந்தப் படம்தான் வீட்ல இருந்துச்சு சார்.”

வாதாட நேரமில்லை. கப்பல் பயணிகள் கையில் தேங்காய்த் தண்ணீரோடு உள்ளே நுழைந்துவிட்டார்கள்.

கொட்டுக்காரர்கள் மூக்குவரை இறங்கிய ஓலைத் தொப்பியோடு உட்கார்ந்தார்கள். பாரம்பரியம் என்றால் முகம் தெரியக் கூடாது என்பது தெல்வெல்லின் ஆராய்ச்சி முடிவு. நாலு வருஷத்தில் அவரும் அந்தத் தொப்பிகளுக்கு அடியில் குனிந்து பார்த்ததில்லை. மூன்று கொட்டுகள் முழங்கின. நாலாவது ஆளில்லாமல் கிடந்தது.

தெல்வெல் எழுதிக் கொடுத்த வசனத்தில் ஒரு வரிகூட இசில்டா சொல்லவில்லை. அந்த ஆளில்லாத கொட்டின்மேல் கவிழ்ந்து விழுந்தாள். தெருவே அவளோடு சேர்ந்து அழுதது.

படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையைத் தாழ்த்தினார்கள். முன்வரிசைப் பெண்ணொருத்தி தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டாள். பாட்டு அடங்கியதும் கைதட்டல் கொட்டகைத் துணியை உலுக்கியது.

பயணிகள் போனதும் தெல்வெல் ஓடிவந்தார். “பிரமாதம், மிஸ் இசில்டா! நடிப்புன்னா இது! வாராவாரம் எனக்கு இதே அழுகைதான் வேணும்.”

அவள் படத்தின் முன் இருந்த மெழுகுவத்தியை நிமிர்த்தி வைத்தாள்.

அவருக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. பைக்குள் கைவிட்டு உறையை எடுத்து நீட்டினார். “அந்த லாசல்ஸ் உங்க தெருதானே? போற வழியில இதைக் குடுத்துடுங்க.”

இசில்டா உறையை வாங்கவில்லை.

“மூஞ்சிக்கு நேராக் குடுக்கறேன்னீங்களே சார்... என் வீட்டுக்காரர் அதோ, மீன் தட்டுக்குப் பின்னால இருக்கார்.”