மூத்தவள் எடுத்த துப்பாக்கி

"நான் மூத்தவ. முதல்ல நான்தான் எடுப்பேன்" என்றாள் நோரீன்.

சாப்பாட்டு மேஜையில் அப்பாவின் இரண்டு துப்பாக்கிகளும் கிடந்தன. இரண்டுமே ரெட்டைக் குழல். ஒன்று தாத்தா காலத்தது. குழல் முழுக்க அலை அலையாய்க் கோடு. பக்கத் தகட்டில் பறக்கிற காடைகளைச் செதுக்கியிருந்தார்கள். இன்னொன்று, அப்பா மழையிலும் சேற்றிலும் டிராக்டரிலும் போட்டு அடித்தது. பார்க்க உலக்கை மாதிரி இருக்கும்.

ஆளுக்கு ஒன்று என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

நோரீன் யோசிக்கவே இல்லை. அலைக்கோடு போட்டதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

தம்பி ராயிஸ் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"அக்கா, நீ துப்பாக்கியைத் தொட்டே எத்தனையோ வருஷமாச்சு. வேட்டைக்குப் போறவன் நான்."

"அதுக்கு?"

"அதுக்கா? ஒண்ணாம் தேதி புறா வேட்டை சீசன் திறக்குது. ஊரே வரும். அப்பா போன பிறகு வர்ற முதல் சீசன். அவர் துப்பாக்கியோட நான் போய் நிக்க வேண்டாமா?"

"அதுவும் அவர் துப்பாக்கிதான்." உலக்கையை அவன் பக்கம் தள்ளினாள். "எடுத்துட்டுப் போ."

"சரி, உன்கிட்டயே இருக்கட்டும். முதல் நாள் மட்டும் குடு. சாயங்காலமே துடைச்சுக் கொண்டாந்து தந்துடறேன்."

"ஒரு மணி நேரம்கூடத் தர மாட்டேன். வேற பேச்சு இருந்தா பேசு."

ராயிஸ் வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொருமித் தீர்த்தான். "சுவத்துல மாட்டி அழகு பாக்கப் போறாளாம்! கூடப் பிறந்தவளா அவ?"

"உங்க அம்மாவோட தையல் மெஷினையும் அவங்கதானே தூக்கிட்டுப் போனாங்க? இப்பதான் உங்களுக்குக் கண்ணு தெரியுதா?" என்றாள் மார்லா.

செப்டம்பர் முதல் தேதி. டெக்சஸ் வெயில் மண்டையைப் பிளந்தது. அறுத்துப்போட்ட சூரியகாந்தி வயலைச் சுற்றிலும் பிக்கப் வண்டிகள். வயலோரக் கூடாரத்தில் நோரீன் எல்லாருக்கும் பீன்ஸ் கிண்டிக்கொண்டிருந்தாள். தம்பி அவள் பக்கமே திரும்பவில்லை.

"என்ன ராயிஸ்?" என்று ஆரம்பித்தான் பக்கத்துப் பண்ணை டெரல். "உங்கப்பாவோட அலைக்கோட்டுத் துப்பாக்கி எங்கே? கதவுக்கு முட்டுக் குடுக்கிற கட்டையைத் தூக்கிட்டு வந்திருக்கே!"

"அக்கா எடுத்துக்கிட்டா."

"பொம்பளைகிட்ட பங்குல தோத்தியாக்கும்!"

எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த உலக்கை குறி தப்பாமல்தான் சுட்டது. சுட்ட புறாவெல்லாம் விழுந்தது. ஆனாலும் ராயிஸுக்கு அந்தச் சிரிப்பு காதிலேயே நின்றது.

"ஐஸ் தீர்ந்துபோச்சு, எடுத்துட்டு வர்றேன்" என்று வண்டியைக் கிளப்பினான். நேரே அக்கா வீட்டுக்குப் போனான். ஆளில்லாத வீடு. கணப்புக்கு மேலே மாட்டியிருந்த துப்பாக்கியைக் கழற்றினான். அவன் கையில் அது பஞ்சு மாதிரி உட்கார்ந்தது.

திரும்பி வந்து, கூடாரத்திலிருந்து பார்த்தால் தெரியாதபடி டெரலுக்குப் பக்கத்தில், குட்டையோரக் காற்றாடிக் கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டான். பையிலிருந்து இரண்டு புதுத் தோட்டாக்களை எடுத்துப் போட்டான்.

"இப்பப் பாருடா டெரல்!"

குட்டைக்குத் தண்ணீர் குடிக்க வந்த புறா ஜோடி ஒன்று தலைக்கு மேலே வளைந்தது. ராயிஸ் விசையை இழுத்தான்.

டிக்.

இன்னொன்றை இழுத்தான்.

டிக்.

"ஐயோ, புறாவே சிரிக்குதுடா!" என்று டெரல் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

ஊரில் துப்பாக்கி பழுது பார்க்கிற ஹூபர்ட், கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்த வாளியை உதைத்துவிட்டு ஓடி வந்தார். துப்பாக்கியைப் பிடுங்கி, மடக்கி, தோட்டாக்களை உருவி எடுத்தார்.

"இது சுடாது ராயிஸ். தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கிற ஊசி உள்ளே இல்லை. நான்தான் கழட்டினேன்."

"எதுக்கு அண்ணே?"

இடது கை பிடிக்கிற இடத்துக்குச் சற்று மேலே குழலைத் தட்டிக் காட்டினார். "இங்கே உள்பக்கம் துரு தின்னு காகிதமாட்டம் ஆயிருச்சு. இப்ப வர்ற தோட்டாவைத் தாங்காது. சுட்டா வெடிக்கும். உன் கை போயிருக்கும்."

ராயிஸ் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தான்.

"நீங்க பங்கு பிரிக்கறதுக்கு முன்னாடியே நோரீன் ரெண்டையும் என்கிட்ட கொண்டு வந்தா. எது சுடறதுக்கு நல்லதுன்னு கேட்டா. அந்தச் சாதாரணத் துப்பாக்கின்னேன். 'அப்ப அது தம்பிக்கு'ன்னா."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே!"

"நானும் அதைத்தான் சொன்னேன். அதுக்கு அவ, 'தாத்தா சுட்டாரு, அப்பா சுட்டாரு, எனக்கு மட்டும் வெடிக்குமான்னு அன்னிக்கே போய்ச் சுடுவான் அண்ணே. அவனுக்குக் கை இருக்கட்டும், என்னைத் திட்டினா திட்டிட்டுப் போறான்'னா."

ராயிஸ் கூடாரத்தைப் பார்த்தான். நோரீன் கரண்டியும் கையுமாய் யாருக்கோ பரிமாறிக்கொண்டிருந்தாள். மறுபடி ஹூபர்ட் பக்கம் திரும்பினான்.

"அதான் தர மாட்டேன்னு வீட்டுலயே வச்சுக்கிட்டாளே. அப்புறம் ஊசியை வேற எதுக்குக் கழட்டணும்?"

ஹூபர்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினார்.

"'முதல்ல கேட்பான். தரலேன்னா திருடுவான். எதுக்கும் கழட்டிடுங்க'ன்னா."