பிக்சேஷன் மிட்டாய்

"சார், என்னோட பிக்சேசன் ஆச்சுங்களா?"

டீ டம்ளரை மேஜைமேல் வைத்தபடி மிக்கேலம்மாள் கேட்டாள். நல்லம்பள்ளிப் பக்கம் ஓர் அரசாங்க ஆபீஸில் கூட்டிப் பெருக்கி, டீ வாங்கித் தருகிற வேலை அவளுக்கு.

சூப்பரண்டு ராஜப்பன் வாரப் பத்திரிகையிலிருந்து தலை நிமிரவில்லை.

"சேவல் கூவ மறந்தாலும் நீ கேக்க மறக்க மாட்டே!"

"முப்பத்தொண்ணாம் தேதி ரிட்டயருங்க சார். அதுக்குள்ள புதுச் சம்பளம் பிக்ஸ் பண்ணலைன்னா, பென்சன் பழைய சம்பளத்துக்குத்தான் வருமாமே."

சம்பளம் மாறி மூன்று வருஷமாயிற்று. புதுச் சம்பளத்தை நிர்ணயிக்கிற பிக்சேஷன் ராஜப்பனுக்கு ஒரே வாரத்தில் முடிந்தது. அவள் பைல் மட்டும் பீரோ மேலே படுத்திருந்தது.

மேஜை துடைத்துக்கொண்டிருந்தவளைத் தாண்டி, டைப்பிஸ்ட் ஷகிலாவிடம் திரும்பினார் ராஜப்பன்.

"இதைப் படிச்சியாம்மா? ஒரே விஷயத்தைப் பிடிச்சுத் தொங்கறது ஒரு மனவியாதியாம். அரைப் பைத்தியம்னு வெச்சுக்கயேன். இங்கிலீஷ்ல அதுக்குப் பேரு என்ன தெரியுமா? பிக்சேஷன்!"

பிறகு சத்தமாக, "மிக்கேலம்மா! உனக்கு பிக்சேஷன் எப்பவோ ஆயிடுச்சு, போ!"

ஆபீஸே சிரித்தது. ஷகிலா மட்டும் டைப்ரைட்டரைப் பார்த்துக்கொண்டாள்.

மிக்கேலம்மாள் துடைக்கிற துணியைத் தோளில் போட்டாள். பிறகு பெரிதாகக் கும்பிட்டாள்.

"மாதா உங்க வூட்டை நல்லா வைப்பாங்க சார்!"

அரை மணியில் கமர்கட் மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்து டேபிள் டேபிளாகப் போனாள்.

"சூப்பரண்டு சார் என் பிக்சேசனை முடிச்சுட்டாருங்க. மவராசன்! எடுத்துக்குங்க."

"ஐயோ, வெவரமில்லாத சனம்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். ராஜப்பன் வாய் திறப்பதற்குள் அவள் ஆபீசர் அறைக்குள்ளும் போய்விட்டாள்.

ஆபீசரே வெளியே வந்தார். ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது.

"பரவாயில்லையே ராஜப்பன்! உங்களைக் கல்மனசுன்னு நெனச்சிருந்தேன். பைலைக் கொண்டாங்க, கையெழுத்துப் போட்டுடறேன்."

"அது... டைப்புல இருக்குங்க சார்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஷகிலாவின் டைப்ரைட்டர் தடதடக்க ஆரம்பித்தது. மூன்று வருஷம் நகராத பைல், முக்கால் மணியில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிட்டது.

சாயங்காலம் ஷகிலா அவளைத் தனியே பிடித்தாள்.

"மிக்கேலம்மா, காலையில சார் சொன்னது அந்த பிக்சேஷன் இல்லீங்க. உங்களை வந்து..."

"பைத்தியம்னாரு. பக்கத்துலதானே கண்ணு நின்னேன்."

மிச்சமிருந்த ஒரு கமர்கட்டை ஷகிலா கையில் வைத்தாள்.

"என்னைப் பைத்தியம்னு பத்துப் பேரு முன்னால சொல்ல அவருக்குக் கூச்சமில்ல. அதே பத்துப் பேரு முன்னால நான் மவராசன்னு சொன்னப்ப, இல்லைன்னு சொல்லத்தான் கூச்சமாப் போச்சு!"