ஜாமீன் கையெழுத்து

மருத்துவமனை வரிசையில் அந்த அம்மாளைப் பார்த்ததும், ஓய்வுபெற்ற நீதிபதிக்குப் பழைய கோர்ட் அறை கண்முன் வந்து நின்றது. ஒரே சைக்கிள் திருடனுக்கு ஏழு முறை ஜாமீன் கொடுத்திருந்தார். ஏழு முறையும் கையெழுத்துப் போட்டவள் இவள்தான். வெளியே போனவன் மறுபடியும் திருட, ஊரே நீதிபதியைத் திட்டித் தீர்த்தது.

"பையன் எப்படிம்மா இருக்கான்?"

"எட்டு வருஷமா ஒரு கேஸும் இல்லைங்கய்யா."

"பெத்தவ உங்க முகத்தைப் பார்த்துத்தான் அன்னைக்கு விட்டேன்."

அவள் தயங்கினாள். "நான் பெத்தவ இல்லைங்கய்யா. அவன் முதல்ல திருடினது என் வீட்டு சைக்கிளைத்தான். செத்துப்போன என் மகனோடது. செத்தவனோட சைக்கிள்னு தெரிஞ்சதும் அவனே பஞ்சர் ஒட்டிக் கொண்டுவந்து விட்டான்."

"கோர்ட்ல ஏன் சொல்லலை?"

"ஒவ்வொரு தடவையும் 'அம்மா வந்திருக்காங்களா'ன்னு கேப்பீங்க. அதைக் கேக்கறதுக்கு நல்லா இருந்துச்சுங்கய்யா."