கட்டுச்சோறு உண்ட பிறகு

ஒரு காலைச் செருப்பில் நுழைத்தபோதுதான் போன் அடித்தது.

வாசலில் கார் உறுமிக்கொண்டிருந்தது. அவளுடைய பெட்டி டிக்கியில் ஏறிவிட்டது. ஏழாம் மாதத்துக்கு அம்மா வகை வகையாகக் கட்டிக்கொண்டு வந்த கட்டுச்சோற்றை உறவெல்லாம் உண்டு தீர்த்து, தூக்குப்போசிகளைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. அவளும் தன் பங்குக்கு ஒரு பிடி பிடித்திருந்தாள். வயிற்றில் இரண்டு பேர் இருக்கும்போது யார் என்ன சொல்லிவிட முடியும்?

போனில் டாக்டரம்மா. நேற்று எடுத்த ஸ்கேனை இப்போதுதான் பார்த்தாராம்.

இரட்டைப் பிள்ளைகள் என்றாலே முந்தி வரப் பார்க்கும். உனக்கு ஏற்கெனவே ஒன்று முந்திப் பிறந்திருக்கிறது. இப்போது கருப்பை வாயின் நீளமும் குறைந்துகொண்டு வருகிறது. பயப்படாதே, மருந்து தருகிறேன். ஆனால் ஆஸ்பத்திரியை விட்டுத் தூரமாக எங்கும் போகாதே.

ஆஸ்பத்திரி இங்கிருந்து இரண்டு தெரு தள்ளி.

அம்மா வீடு தாராபுரம் தாண்டி, சோளக்காட்டுக்கு நடுவில்.

அவள் செருப்பிலிருந்து காலை எடுக்கவும் இல்லை. இன்னொரு காலை நுழைக்கவும் இல்லை.

போகாமல் இருந்துவிடலாம்தான். ஆனால் கட்டுச்சோறு உண்டவள் அன்று இரவு புகுந்த வீட்டில் தங்கக் கூடாது. பிறந்த வீட்டுக்குப் போயே ஆக வேண்டும். அவர்கள் வழக்கத்தில் இதற்கு மறுபேச்சே கிடையாது. இந்த போன் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் சோற்றையாவது தொடாமல் இருந்திருப்பாள்.

டாக்டரம்மா சொன்னதை அவள் எல்லோருக்கும் சொன்னாள். மாமியார் பாவாத்தாள் ஆரத்தித் தட்டோடு நின்றாள்.

"உண்டுபோட்டு இங்கயே படுத்தா ஆகாதுங்க சம்பந்தி."

"நான் கூட்டிட்டுப் போக மாட்டனுங்க" என்றாள் அம்மா.

போன தடவையும் இதே கட்டுச்சோறு, இதே சாலை. அன்று இரவே வலி கண்டுவிட்டது. குறைமாதத்தில் பிறந்த சம்யுக்தா வாரக்கணக்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். காரில் போனதால் இல்லை என்று டாக்டரம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அம்மா நம்பவில்லை.

அந்தச் சம்யுக்தா இப்போது காரின் முன்சீட்டில் ஏறி, ஹாரனை அடித்துத் தெருவைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

பெற்றவளுக்குப் பயமாக இருந்தது. அந்தக் கண்ணாடிக்கு வெளியே மறுபடியும் போய் நிற்க அவளால் ஆகாது. இரண்டு பெட்டிகளுக்கு முன்னால் நிச்சயம் ஆகாது.

லாட்ஜில் ரூம் போட்டுவிடலாமே என்றார் ஒரு சித்தப்பா. அவரை வெற்றிலை போடச் சொல்லிவிட்டார்கள்.

பாவாத்தாள் தட்டைக் கீழே வைத்தாள். விறுவிறுவென்று உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

தெருப்பக்கம் தனி வாசல் வைத்த முன்னறை பாவாத்தாளுடையது. அங்கே கட்டிலில் பெற்ற மகன் உட்கார்ந்தாலே முகத்தைச் சுளிப்பாள். இப்போது சேலைகளையும் தலையணையையும் வாரி அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்த அறையின் சாவியை அம்மாவின் கையில் வைத்தாள்.

"இனி இது உங்க ஊடுங்க. கொழந்தைக பொறக்கற வரைக்கும் நானும் கேக்காம உள்ள வரமாட்டன்."



எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

ஆரத்தி எடுத்தார்கள். அவள் வாசலில் இறங்கி, தெருவில் நாலு எட்டு நடந்து, பக்கத்து வாசலில் ஏறினாள். பாவாத்தாள் மருமகளைச் சீமைக்கே அனுப்புகிறவள்போல முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காரிலிருந்து பெட்டியை இறக்கியதும் சம்யுக்தாவை இறக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

பொழுது சாய்கையில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

பாவாத்தாள்தான். சேலை மாற்றியிருந்தாள். கையில் பூவும் ஒரு சீப்பு வாழைப்பழமும். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து படுத்து எழுந்த அறைக்கு வெளியே, கூப்பிடட்டும் என்று நின்றாள்.

"வாங்க சம்பந்தி, வந்து உக்காருங்க."

கட்டில் நுனியில் உட்கார்ந்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். அறையை ஒரு சுற்றுப் பார்த்து, "காத்தோட்டமாத்தான் இருக்குது" என்றாள். மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடக்கினாள்.

மாமியார் பார்வை அந்த வயிற்றில் வந்து நின்றது. முறைப்படி கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"எம் மருமகள எப்பங்க அனுப்பி வெப்பீங்க?"

உள்ளே யாரோ ஒருவர் புரண்டார். இருவருமாகவும் இருக்கலாம்.

அம்மா பழத்தை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

"மூணு பேராத்தானுங்க அனுப்புவேன். அவசரப்படுத்தாதீங்க."