பச்சை விளக்கு

ஜெபராணிக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் அவள் கையில் கட்டியிருக்கும் பட்டை கண்டுகொள்ளும்; உடனே மூன்று பேரின் கைப்பட்டை ஒரே நேரத்தில் அதிரும். கணவர் அகஸ்டின், மகன் ரூபன், வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஷீபா. ஒருவர் 'நான் பார்க்கிறேன்' என்று அமுக்கினால் மற்ற இருவருக்கும் அதிர்வு நின்றுவிடும்.

அன்று காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவள், வேலை மும்முரத்தில் சாப்பிட மறந்துபோனாள். மத்தியானம் சோறு வடிக்கப் போனபோது கண் இருட்டிக்கொண்டு வர, அடுக்களைத் தரையில் சரிந்து உட்கார்ந்தாள். மாடிவீட்டுப் பெண்ணைக் கூப்பிட வாயெடுத்த நேரத்தில் அவள் பட்டையில் பச்சை விளக்கு எரிந்தது. 'உங்கள் குடும்பத்தில் ஒருவர் பார்த்துக்கொள்கிறார்' என்றது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தாள். கூப்பிடவில்லை.

சோறு தீயும் வாடை பிடித்து அந்தப் பெண் ஓடிவந்திராவிட்டால் ஜெபராணி பிழைத்திருக்கமாட்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி மூன்று பேரும் நின்றார்கள்.

"யாரு அமுக்குனது?" அவள் நாக்கு இன்னும் குழறியது.

"நாந்தாம்மா," என்றான் ரூபன். "மீட்டிங்ல இருந்தேன். அதிர்ந்துக்கிட்டே இருந்துச்சுன்னு அமுக்கிட்டேன். அப்பா போவாங்கன்னு நெனச்சேன்."

"எனக்கு நின்னு போச்சு. பிள்ளைங்க பாத்துக்கிட்டாங்கன்னு இருந்துட்டேன்," என்றார் அகஸ்டின். "எனக்கும் அப்படித்தாம்மா," என்றாள் ஷீபா.

"இந்தப் பட்டை வாரதுக்கு முன்னாடி, மத்தியானமானா சாப்ட்டியான்னு மூணு பேரும் போன் பண்ணுவீங்க," என்றாள் ஜெபராணி.

இன்னொருவர் பதில் சொல்லட்டும் என்று மூன்று பேரும் பேசாமல் நின்றார்கள்.